பொய்க்கு நாலு சென்டிமீட்டர்

நாடாவைக் கண்டதும்
மூச்சைப் பிடித்துக்கொள்ளாத மனிதர்
இந்த ஊரில் இல்லை.
பேக்கரி இல்ஸே பிடிப்பாள்.
தீயணைப்பு நிலையத்து ஆந்த்ரிஸ் பிடிப்பான்.
அவர்கள் சொல்லும் எண்ணை நோட்டில் எழுதிவிட்டு
வெட்டும்போது, நாடா சொன்னதற்கு மேல்
பொய்க்கு நாலு சென்டிமீட்டர் சேர்ப்பேன்.
பதினோரு வருடமாய்
யார் பொத்தானும் தெறித்ததில்லை.

பகலில் நான் மருந்துக்கடை.
செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு மேல்
கலாச்சார மாளிகையின் பின்புறம்
கொதிகலனுக்கு அடுத்த அறையில்
மிஷினோடு உட்காருவேன்.
சம்பளம் கிடையாது.
நூல் மட்டும் குழுவின் கணக்கில்.

இந்த முறை அரச நாடகம்.
ஆட்கள் எட்டு, வேடங்கள் பதினான்கு,
போதாததற்கு ஒரு கரடி.
எழுதியது நூலகத்து பிருதா.
துணி விலை தெரியாதவர்கள்தான்
போர்க்களம் எழுதுவார்கள்.

கழற்றிப்போட்ட பழைய மேடைத்திரை
அரசனுக்கு அங்கியானது.
முப்பது வருடத் தூசி;
மிஷின் தும்மியது, நானும்.
கழுத்தோரம் வெள்ளை ரோமம் வேண்டுமாம்.
மருந்துக்கடைப் பஞ்சு இரண்டு சுருள்,
அங்கங்கே மசிப்புள்ளி.
ஆறாம் வரிசையிலிருந்து பார்த்தால் ராஜ வம்சம்.
முதல் வரிசையிலிருந்து
முழங்கால் சிராய்ப்பு.
கரடி, வெல்தாவின் கோட்டு.
கத்தரி படக்கூடாது,
டிசம்பர் குளிருக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.
ஆகவே எங்கள் கரடிக்கு
முதுகில் ஆறு பொத்தான்.

அரசன், ஒயார்ஸ்.
மற்ற நாட்களில் சேசிஸ் போகும்
காலை ஏழு மணி பஸ்ஸின் டிரைவர்.
அவர் பிடித்த மூச்சு வேறு ரகம்;
அளந்து முடித்த பிறகும் விடவில்லை.
நூற்று நான்கு என்றது நாடா.
"நூறு என்று போடு" என்றார்.
போட்டேன்.
உள்ளே இன்னும் பத்து ஒளிந்திருந்தது
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
ஒத்திகை முழுக்க அந்த மூச்சிலேயே நடித்தார்.
குரல் மெலிந்து மெலிந்து வந்தது.
சோகம் என்று எண்ணிக்கொண்டார் பிருதா.

முதல் இரவு, இரண்டாம் அங்கம்.
படையைப் பார்த்து முழங்க வேண்டிய இடம்.
மனிதர் தம்மை மறந்து
நெஞ்சு நிறைய இழுத்துவிட்டார்.
அக்குளிலிருந்து விலா வரை
டர்ர்.

நாற்பது வினாடி இருந்தது,
தூதுவன் ஓலை படிக்கும் நேரம்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஆள்மேல் வைத்தே தைத்தேன்.
"விடுங்கள்" என்றேன், வாயில் டார்ச்சோடு.
"எதை?"
"மூச்சை."
விட்டார்.
வயிறு வந்தது.
ஐம்பத்தெட்டு வயதும் வந்தது.
அவசரத்தில் ஊசி துணியைத் தாண்டி இறங்கியது.
கத்தவில்லை அவர்.
கத்தலைப் பல்லுக்குள் போட்டுக்கொண்டு
வெளிச்சத்துக்குள் நடந்து,
செத்துக்கிடந்த இளவரசன்முன் நின்று
"மகனே" என்றார்.

ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே,
ஊசி என் கையில் இருந்தது.
முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
திரை விழுந்ததும் பிருதா ஓடிவந்து
அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்:
"அந்த வலியை எங்கே வைத்திருந்தீர்கள் இத்தனை நாள்?"
ஒயார்ஸ் என்னைப் பார்த்தார்.
நான் சட்டைக் காலரில்
ஊசியைக் குத்திக்கொண்டு
கரடியின் பொத்தானைக் கழற்றப் போனேன்.

ஞாயிறு, துவைக்கும் நாள்.
வெள்ளை ரோமத்தில் கடுகளவு சிவப்பு.
ரத்தக் கறைக்கு சோப்பு உதவாது,
யார் ரத்தமோ அவர் எச்சில்தான் எடுக்கும்
என்பது தையல்காரர்கள் நம்பிக்கை.
பஞ்சை மாற்றினால் ஐந்து நிமிட வேலை.
மாற்றவில்லை.

திங்கள், ஏழுக்கு ஐந்து நிமிடம்.
பனிமழை.
சில்லறை நீட்ட வேண்டிய இடத்தில்
அங்கியின் கழுத்தை நீட்டினேன்.
"துப்புங்கள்."
பின்னால் பள்ளிப் பிள்ளைகள், முட்டைக் கூடையோடு ஒருவர்,
யாரும் வாய் திறக்கவில்லை.
அரசர் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்,
வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்,
சுத்தமாய்த் துப்பினார்.

தேய்த்துக்கொண்டே படியிறங்கினேன்.
கதவு பெருமூச்சு விட்டு மூடும் நேரம்
உள்ளிருந்து குரல்:
"நூற்றுப் பதினான்கு. எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டேன்.
பழக்க தோஷம்,
பக்கத்தில் இன்னொரு நாலு.